சமாதான வேலைக்குப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஐ.நா.வில் சமாதானப் பணிக்குப் போக ஆசை என்று யாராவது சொன்னால், முதலில் வேலூர்க் கோட்டையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வரச் சொல்வேன்.

1806 கலகம் எல்லோருக்கும் பாடத்தில் தெரியும். தோல் வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, தாடியைத் திருத்த வேண்டும் என்று உத்தரவுகள். மறுத்தவர்களுக்குக் கசையடி. ஜூலை 10 விடியுமுன் கலகம் வெடித்தது. நாம் அதிகம் பேசாத ஆள் ஒருவர் இதில் உண்டு: முஸ்தபா பேக் என்ற சிப்பாய். சில வாரங்களுக்கு முன்பே போய்த் தன் ஆங்கிலேய அதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னார். நம்பவில்லை, அவரையே பிடித்து அடைத்துவிட்டார்கள்.

மோதல் தடுப்பு என்கிற தொழில், முஸ்தபா பேக் சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்வதுதான். துப்பாக்கி வெடித்த பிறகு நடக்கும் பேச்சுவார்த்தை மேசையை மட்டும் கனவு காண்பது முதல் தவறு. பாதி வேலை டீக்கடையில் நடக்கும். யார் யார் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள், எந்தக் கல்யாணத்துக்கு யாரை அழைக்கவில்லை என்று குறித்துக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது, ஒரே காரணத்தைப் பிடித்துக்கொள்வது. தலைப்பாகைதான் காரணம் என்றால், கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகளை விட்டுவிடுகிறோம். திப்புதான் காரணம் என்றால் கசையடி மறந்துபோகிறது. இப்படி எழுதும் அறிக்கையை நம்பி யாராவது முடிவெடுத்தால் ஆபத்து.

பக்கத்தில் இருப்பதை விட்டு, ஐ.நா. அலுவலகம் இருக்கும் ஜெனீவாவையே பார்ப்பதும் உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையைக் கெடுத்ததற்கு எதிரான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பானது. விவசாயிக்குக் கிணறு, தொழிலாளிக்குச் சம்பளம். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இரு தரப்போடும் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது; போர் முடிந்த பிறகும் என்னவெல்லாம் முடியாமல் கிடக்கிறது என்பதை அங்கே கேட்கலாம்.

சர்வதேச உறவுகளில் எம்.ஏ. மட்டும் வைத்துக்கொண்டு கிளம்புவதும் சிக்கல்தான். சட்டம், செவிலியர் பணி, நீர்ப் பொறியியல், கணக்கு என்று ஏதாவது கைத்தொழில் வேண்டும். அப்புறம் பிரெஞ்சு. காங்கோ, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு போன்ற இடங்களில் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் பாதி ஊமை.

ஐ.நா. அமைதிப்படையின் நீலத் தொப்பியைப் பார்த்து, அந்தப் படையில் தனியாகப் போய்ச் சேரலாம் என்று நினைக்காதீர்கள். அந்தப் படைவீரர்களை அவரவர் நாட்டு அரசுகள்தான் அனுப்புகின்றன. தொடங்குவதற்கு ஐ.நா. தன்னார்வலர் திட்டம் நல்ல வழி. 18 முதல் 26 வயதுக்காரர்களுக்கு அதில் தனிப் பிரிவு இருக்கிறது.

விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என்று எந்தக் கட்டத்திலும் ஐ.நா. காசு வாங்குவதில்லை. யாராவது கேட்டால், ரசீது தருகிறேன் என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள்.