தத்துப் பிள்ளை பெற்றோரைக் கொன்ற வழக்கை எழுதும் முறை

பெற்றோரைக் கொன்றவர் தத்துப் பிள்ளை என்று தெரிந்தவுடன், 'வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது' என்ற தலைப்பு எழுதுபவரின் கைக்குத் தானாக வந்துவிடுகிறது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் உறவு எதுவென்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். நம் செய்திகளில் 'வளர்ப்பு மகன்' என்ற சொல், சட்டப்படி தத்தெடுக்கப்பட்டவரையும், உறவினர் வீட்டிலிருந்து வந்து வளர்ந்தவரையும், மூத்த தாரத்துப் பிள்ளையையும் ஒருசேரக் குறித்துவிடுகிறது. தத்துப் பத்திரத்தையோ ஆணையையோ பார்க்காத நிலையில் 'அவ்வீட்டில் வளர்ந்தவர்' என்று எழுதினால் போதும்.

அடுத்து, தத்தெடுக்கப்பட்டதற்கும் கொலைக்கும் உண்மையில் தொடர்பு உண்டா என்று கேட்க வேண்டும். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், 1985 ஆகஸ்ட் 7 அதிகாலையில், ஒயிட் ஹவுஸ் பண்ணை வீட்டில் நெவில் பாம்பர், அவர் மனைவி ஜூன், மகள் ஷீலா, ஷீலாவின் ஆறு வயது இரட்டைக் குழந்தைகள் ஆகிய ஐவரும் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்த ஷீலாவே எல்லோரையும் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார் என்று காவல்துறை முதலில் நம்பியது. சில நாள் கழித்து, துப்பாக்கி வைக்கும் அலமாரியில் உறவினர்கள் ஒரு சைலன்சரை (துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்க அதன் முனையில் பொருத்தும் குழாயை) கண்டெடுத்தார்கள். அதற்குள் இருந்த இரத்தம் ஷீலாவுடையது என்றும், அதைப் பொருத்திய நீளமான துப்பாக்கியால் அவர் தன்னைத் தானே சுட்டிருக்க முடியாது என்றும், இறந்தவர் எழுந்து சென்று அதை அலமாரியில் வைத்திருக்க முடியாது என்றும் அரசுத் தரப்பு வாதிட்டது. சொத்துக்காகக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட மகன் ஜெரமி பாம்பர், 1986 அக்டோபரில், பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஜூரி குழுவின் 10-க்கு 2 என்ற பெரும்பான்மை முடிவில் தண்டிக்கப்பட்டார். தாம் குற்றமற்றவர் என்றே இன்றுவரை கூறிவருகிறார்.

ஜெரமி மட்டுமல்ல, ஷீலாவும் தத்துப் பிள்ளைதான். இருவருக்கும் இரத்த உறவு கிடையாது. முதலில் சந்தேகிக்கப்பட்டவர், பின்னர் தண்டிக்கப்பட்டவர், கொல்லப்பட்டவர் என எல்லாப் பக்கத்திலும் தத்துப் பிள்ளையே நிற்கும் வழக்கில், 'தத்து' என்ற சொல்லைக் காரணமாகக் காட்டுவதில் பொருளே இல்லை. சொத்து, பணத்தகராறு, மனநோய், வீட்டுக்குள் நடந்த வன்முறை ஆகியவற்றில் எது சாட்சியத்தில் உள்ளதோ அதை எழுத வேண்டும். தத்துப் பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்களைத் தத்தெடுப்போடு இணைக்கும் 'தத்துப் பிள்ளை நோய்க்குறி' என்ற ஒன்றை அமெரிக்க உளவியலாளர் டேவிட் கிர்ஷ்னர் முன்வைத்தது உண்மைதான். ஆனால் மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம் கையேட்டில் அதற்கு இடமில்லை. எனவே அதை நோயின் பெயராக எழுதக் கூடாது.

சொத்து பற்றி எழுதும்போது, 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவைப் பார்த்துக்கொள்ளலாம்: கொலை செய்தவர் கொல்லப்பட்டவரின் சொத்தை அடைய முடியாது. பெற்ற பிள்ளைக்கும் தத்துப் பிள்ளைக்கும் இதில் வேறுபாடில்லை.

குற்றம் சாட்டப்பட்டவர் 18 வயது நிரம்பாதவர் என்றால், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. பெயர், பள்ளி, முகவரி, படம் ஆகியவற்றை நீக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தத்துப் பிள்ளை உள்ள வீடு ஒன்றே ஒன்றுதான் என்று எல்லோருக்கும் தெரிந்த சிற்றூராக இருந்தால், ஊரின் பெயரோடு 'தத்து' என்று எழுதுவதே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே இரண்டில் ஒன்றையாவது விட்டுவிட வேண்டும்.