சிக்னலில் பூ வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

சென்னையில் காலை எட்டரை மணிக்குப் பெரிய சிக்னல் ஒன்றில் நின்றால் கூடையும் கையுமாக ஒரு பூக்கார அம்மாவைப் பார்க்கலாம். ஆட்டோக்காரர்களுக்கு இது பழகிய வியாபாரம். சில்லறையை நீட்டி, ஒரு முழம் வாங்கி, சாமி படத்துக்குச் சுற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். தடுமாறுவது கார் ஓட்டும் நாம்தான். கடை வாசலில் நிற்கிற நினைப்பிலேயே வாங்குகிறோம்.

முதல் தவறு, பச்சை விழப் பத்து நொடி இருக்கும்போது கண்ணாடியை இறக்குவது. நானே செய்திருக்கிறேன். பூ என் கைக்கு வந்துவிட்டது, ஐம்பது ரூபாய் நோட்டு இன்னும் பர்ஸுக்குள். பின்னால் ஹாரன். அந்த அம்மா பைக்குகளுக்கு நடுவே இருபதடி ஓடி வந்தார். அன்றைக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பாவம் என்னைத்தான் சேரும். சிவப்பு விழுந்ததும் கூப்பிடுங்கள், பணத்தைக் கொடுத்துவிட்டுப் பூவை வாங்குங்கள். பாதி நேரம் கடந்துவிட்டதா, சரி, அடுத்த சிக்னலில் பார்த்துக்கொள்ளலாம். ஜிபே இருக்கிறதே என்பீர்கள். ஸ்கேன் செய்து, பின் நம்பர் போட்டு, அந்தச் சக்கரம் சுற்றி முடிவதற்குள் பச்சை விழுந்துவிடும். பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் நாலு கியர் பக்கத்தில் கிடக்கட்டும்.

எங்கே நிற்கிறோம் என்பதும் முக்கியம். நமக்கு ஸ்டியரிங் வலது பக்கம், அவர் நிற்பது பெரும்பாலும் மீடியன் ஓரம். நடு வரிசையில் நின்றுகொண்டு கையைத் தட்டினால், இடுக்கில் புகுந்து வரும் பைக்குகளைத் தாண்டித்தான் அவர் வரவேண்டும். மீடியனை ஒட்டி நிற்காவிட்டால் கூப்பிடாதீர்கள். ஃப்ரீ லெஃப்டில் வண்டியை நிறுத்திப் பூ வாங்குபவரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, பின்னால் நிற்கும் பஸ் டிரைவர் சொல்லிவிடுவார்.

அப்புறம் பூ. தண்ணீர் தெளித்துப் பளபளப்பது புதுப்பூ என்று நம்பாதீர்கள். மல்லியை மொட்டாகத்தான் விடியலில் பறிக்கிறார்கள், அது மலர்வது சாயங்காலத்தில். காலை ஒன்பது மணிக்கே விரிந்திருந்தால் நேற்றைய பூ. காம்பருகே பழுப்பு தட்டியிருந்தாலும் அப்படியே. முழத்தின் நீளத்துக்குச் சண்டை போடுவது இன்னொரு வீண் வேலை. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை என்பதுதான் கணக்கு, கைக்குக் கை மாறத்தான் செய்யும். கட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள். இடைவெளி விட்டுக் கட்டிய ஒன்றரை முழத்தைவிட நெருக்கிக் கட்டிய ஒரு முழத்தில் பூ அதிகம் இருக்கும். வாங்கியதை டாஷ்போர்டில் வெயில் படும்படி வைத்தால் வீடு போய்ச் சேர்வதற்குள் வதங்கிவிடும். கண்ணாடியில் நீளமாகத் தொங்கவிட்டால் சாலை மறையும்.

"போன வாரம் இருபதுதானே?" என்று கேட்பதில் பயனில்லை. கோயம்பேட்டு விலை தினமும் மாறுகிறது. மார்கழி, தை பனியில் செடி மொட்டு விடுவது குறையும், அதோடு முகூர்த்தமும் சேர்ந்தால் மல்லி கிலோ ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். அதுவும் போணி நேரத்தில் பேரம் பேசி, எடுத்த பூவைத் திருப்பிக் கொடுப்பது, என்னைக் கேட்டால், அநியாயம்.

தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014-இல் ஒரு சட்டம் வந்தது. சான்றிதழ், விற்பதற்கென ஒதுக்கிய இடம் எல்லாம் அதில் உண்டு. வண்டிகளுக்கு நடுவே நின்று விற்பவருக்கு அது பெரிதாகக் கைகொடுப்பதில்லை. போலீஸைக் கண்டு அவர் சட்டென்று நகர்ந்தால், மீதிச் சில்லறைக்காகக் கத்தாதீர்கள்.

பூ விற்பது சின்னப் பிள்ளை என்றால் பரிதாபப்பட்டு வாங்காதீர்கள். விற்கிறது என்று தெரிந்தால் நாளையும் அந்தப் பிள்ளையை அங்கேயே நிறுத்துவார்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லுங்கள்.

வாங்கப் போவதில்லை என்றால், போனைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருக்காமல் உடனே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் பூவை 'வேண்டாம்' என்று சொல்ல மாட்டோம். "பூ இருக்கும்மா" என்றால் போதும், மிச்சமிருக்கும் நாற்பது நொடியில் அவர் பின்னால் நிற்கும் இரண்டு வண்டிகளைக் கேட்டுவிடுவார்.