மெசாவை முழுசாக பில்ட் பண்ண வேண்டாம்

வெள்ளவத்தையில் என் அறையில் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டொப். அதில் மெசாவை (லினக்ஸின் ஓப்பன் சோர்ஸ் கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பு) சோர்ஸ் கோடிலிருந்து அப்படியே பில்ட் பண்ணப் போய், ஏஎம்டி, என்விடியா டிரைவர்களும் சேர்ந்து ஓடி மெஷினே உறைந்துவிட்டது. இன்டெல் சிப்புக்கு அவை எதற்கு? பில்டை அமைக்கும் மெசான் என்ற டூலில் கேலியம் டிரைவருக்கு (ஓப்பன்ஜிஎல்லுக்கானது) ஐரிஸ், வல்கன் என்ற புதிய கிராபிக்ஸ் ஏபிஐக்கு இன்டெல் என்று மட்டும் கொடுங்கள். (இன்டெல் சிப் தலைமுறையில் பிராட்வெல்லும் அதற்குப் பிந்தியவையும் என்றால் ஐரிஸ், ஹாஸ்வெல் போன்ற பழசுக்கு குரோகஸ். இந்த இரண்டு தலைமுறைக்கும் வல்கனுக்கு மட்டும் இன்டெல்_ஹாஸ்விகே.) பில்டை ஓட்டும் நிஞ்சாவுக்கு ஜே 2 (ஒரே நேரத்தில் இரண்டு வேலை) போதும். ஃபோன் டேட்டாவில் இழுப்பவர்கள் கோடை இறக்கும் கிட் குளோனில் டெப்த் 1 (பழைய வரலாறு இல்லாமல் கடைசி நிலை மட்டும்) போடுங்கள்.

அப்புறம், சூடோ (அட்மின் அனுமதி) போட்டு இன்ஸ்டோல் செய்யவே வேண்டாம். ஏதாவது பிழை வந்தால் டெஸ்க்டொப்பே வராமல் போகலாம். பில்ட் ஃபோல்டரிலிருந்தே மெசான் டெவென்வ் மூலம் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவை (எந்த டிரைவர் ஓடுகிறது என்று காட்டும் டூல்) ஓட்டிப் பாருங்கள். வெர்ஷன் வரியில் ‘டெவல்’ என்று தெரிந்தால் சரி, ஓடுவது உங்கள் பில்ட்தான்.