நுவார் நாவலையும் அதன் படத்தையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி

நுவார் என்றால் குற்றமும் ஆசையும் இருளும் கலந்த கதைகள். அப்படி ஒரு நாவலைப் படித்துவிட்டு அதன் படத்தைப் பார்க்கும்போது எதை வெட்டினார்கள், எதை மாற்றினார்கள் என்று நானும் வெகுநாள் பட்டியல் போட்டேன். பெரிதாக ஒன்றும் பிடிபடவில்லை. இப்போது ஒரே கேள்விதான்: கதையை யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார்? முடிவுகளைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜேம்ஸ் எம். கெய்னின் ‘டபுள் இன்டெம்னிட்டி’யில் தொடங்குங்கள். சின்ன நாவல், ஒரே நாளில் முடிந்துவிடும். கையில் பென்சில் இருக்கட்டும். கதை சொல்லும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் மனதில் நினைத்து, வாயால் சொல்லாத இடங்களை எல்லாம் கோடிடுங்கள். அப்புறம் பில்லி வைல்டரின் 1944 படத்தை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை சும்மா. இரண்டாவது முறை, கோடிட்ட வரிகள் எங்கே போயின என்று தேடுங்கள்.

இன்ஷூரன்ஸ் பணத்துக்காக ஒரு பெண்ணோடு சேர்ந்து அவள் கணவனைக் கொன்றவன் அவன். நாவலில் அதை வாக்குமூலமாக எழுதுகிறான். கடைசியில் அவனும் அந்தப் பெண்ணும் ஒரே கப்பலில், கடலில் குதிக்கத் தயாராக இருக்கிறார்கள். படத்தில் குண்டடி பட்டு, ராத்திரி ஆபீஸில் உட்கார்ந்து டிக்டஃபோன் என்ற குரல்பதிவுக் கருவியில் பேசுகிறான், தன் சக ஊழியர் கீஸுக்காக. கேட்பவர் யார் என்று தெரிந்ததும் கதையே வேறாகிவிடுகிறது. படம் முழுக்கக் கீஸின் சுருட்டுக்கு இவன் தீக்குச்சி உரசுகிறான். கடைசியில் இவன் சிகரெட்டுக்குக் கீஸ் உரசுகிறார். விஷவாயு அறையில் மரண தண்டனை நிறைவேறும் காட்சியை எடுத்தும் வைல்டர் சேர்க்கவில்லை. நாவலைப் படித்த பிறகுதான் இது அந்த இரண்டு ஆண்களின் கதை என்று எனக்கு உறைத்தது. இன்றைக்கும் அந்தத் தீக்குச்சியைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது.

அடுத்து டஷீல் ஹாமெட்டின் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’. இங்கே பென்சிலுக்கு வேலையே இல்லை. கதாநாயகனான துப்பறிவாளர் ஸ்பேடின் மனதுக்குள் நாவல் ஒருமுறைகூட நுழைவதில்லை. கை, கண், பேச்சு மட்டும்தான். அதனால்தான் இயக்குநர் ஜான் ஹஸ்டனால் தன் 1941 படத்துக்கு வசனங்களைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்ள முடிந்தது. கூட்டாளி செத்த செய்தி வரும் காட்சியை மட்டும் நாவலையும் படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நாவலில் இருட்டில் போன் மணி அடிக்கிறது, ஒரு குரல் பேசுகிறது. படத்தில் கேமரா போனையும் ஜன்னலையும் பார்த்தபடி நிற்கிறது, முகத்தைக் காட்டுவதில்லை.

கடினமானதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்: டோரதி பி. ஹியூஸ் 1947இல் எழுதிய ‘இன் எ லோன்லி பிளேஸ்’. நாவல் கொலைகாரன் டிக்ஸுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. நிக்கலஸ் ரேயின் 1950 படத்தில் அதே டிக்ஸ், தன் மேல் சந்தேகம் விழும் கொலையைச் செய்யவில்லை. ஆனால் அவன் கோபத்தைப் பார்த்துப் பார்த்து அவன் காதலி லாரலுக்குச் சந்தேகம் வளர்கிறது. படம் எந்தக் காட்சியில் அவனை விட்டு அவள் பக்கம் போய் நிற்கிறது? அங்கே நிறுத்தி, நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, நாவலில் அதே கட்டத்தைத் திறந்து பாருங்கள்.