பெல்லந்தூர் நுரையைப் பூக்கார அக்காவிடம் சொல்வது எப்படி?

பெங்களூரில் பிஎச்.டி. பண்ணும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஓபன் டே (ஆய்வகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள்) நெருங்கினால் போன் போடுவார்கள்: "அண்ணே, போஸ்டர் ரெடி, ஒரு தடவை பாருங்க." பார்த்தால் கைடுக்குக் காட்டிய அதே ஸ்லைடுகள், எழுத்து மட்டும் பெரிசு. இந்தத் தடவை வந்த தம்பியின் ஆய்வு, பெல்லந்தூர் ஏரி ஏன் நுரைக்கிறது என்பது. கன்னடப் போஸ்டரை லேப் தோழி பார்த்துக்கொள்கிறாள்; தமிழ் எங்கள் பாடு.

படி 1: ஆளை முடிவு செய்யுங்கள்

'பொதுமக்கள்' என்று யாரும் கிடையாது. அல்சூர் மார்க்கெட் பூக்கார அக்கா இருக்கிறார், ஓசூர் விவசாயி இருக்கிறார், கோப்பில் கையெழுத்துப் போடும் அதிகாரி இருக்கிறார். ஒரு பேச்சுக்கு ஒரு ஆள்.

படி 2: முதலில் அவரைப் பேசவிடுங்கள்

நேரத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும். தம்பி அக்காவிடம் போய் "சர்ஃபாக்டன்ட்" என்று ஆரம்பித்தான். அக்கா பூக் கட்டுவதை நிறுத்தவே இல்லை. "துணி துவைக்கிற சோப்புதான்க்கா அந்த நுரை" என்றதும் கை நின்றது.

"அப்ப எங்க வீட்டுத் தண்ணி அங்கயா போவுது?"

போகிறதுதான். அல்சூர் பக்கத்துக் கழிவுநீர் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாகப் பெல்லந்தூருக்கு இறங்குகிறது. இந்த வழித்தடம் தம்பியின் ஒரு ஸ்லைடில்கூட இல்லை! அக்காவுக்கான பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஓசூர்க்காரருக்கு வேறு தொடக்கம். பெல்லந்தூர், வர்த்தூர் தாண்டும் தண்ணீர் தென்பெண்ணையில் சேர்ந்து கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கே பொங்கும் நுரையை உங்களைவிட அவர் அதிகம் பார்த்திருப்பார். பயிருக்கு என்ன ஆகும் என்றுதான் கேட்பார். ஆய்வில் அதற்குப் பதில் இல்லையென்றால், "அதை நான் அளக்கலைங்க ஐயா" என்று சொல்லிவிடுங்கள். மழுப்பினால் பிடித்துவிடுவார்.

அதிகாரிக்கு ஒரே பக்கம். எந்த வாய்க்காலில் என்ன செய்யலாம் என்பது முதல் வரியில்.

படி 3: கையில் ஒரு பொருள்

இரண்டு பாட்டில், பாதித் தண்ணீர். ஒன்றில் ஒரு சிட்டிகை சோப்புத்தூள். இரண்டையும் குலுக்குங்கள். வெறும் தண்ணீரில் குமிழி உடனே உடையும், மற்றதில் நிற்கும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை காற்றுப் பக்கம் விலகும். அதனால்தான் குமிழியின் தோல் அவ்வளவு சீக்கிரம் கிழிவதில்லை. ஏரியில் குலுக்குவது யார்? அடிச்சேற்றில் ஒட்டிக் கிடக்கும் சோப்பைக் கிளறிவிடும் மழை வெள்ளமும், ஏரி நிரம்பினால் வழிந்தோடும் கலங்கலில் விழும் தண்ணீரும். (தம்பி 'வியர்' என்று எழுதியிருந்தான். ஏரிக்கரையில் பிறந்த பையன், கலங்கலை மறந்துவிட்டான்.)

படி 4: திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். அக்கா பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னதை ஒட்டுக்கேட்டோம்: "நம்ம துவைக்கிற தண்ணி ஏரிச் சேத்துல தங்கிடுதாம். மழை வந்து கலக்குனா பொங்குதாம்."

தமிழ்ப் போஸ்டரின் தலைப்பு இப்போது அதுதான். 'சேத்துல' மட்டும் 'சேற்றில்' ஆனது. அதையும் மாற்றியிருக்க வேண்டாம் என்றுதான் எனக்குப் பட்டது.