டம்ளரைத் தூக்கக் கூடாது: பிள்ளைகளுக்கு அயனி சொல்லித்தரும் வழி

வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். இப்போது மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தெருப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். எலக்ட்ரான் கூடியோ குறைந்தோ மின்சுமை வந்த அணு அல்லது அணுக்கூட்டம்தான் அயனி. சோடியம் பிளஸ் ஒன்று, குளோரின் மைனஸ் ஒன்று என்று எல்லாரும் ஒப்பிப்பார்கள். போன வருடம் ஒரு பெண் மட்டும் நிறுத்திக் கேட்டாள்: "சார், எலக்ட்ரானைக் கொடுத்தா குறையத்தானே செய்யும்? குறைஞ்சதுக்கு எப்படி பிளஸ் போடறாங்க?" அவளுக்குப் பதில் சொல்லப் போய்த்தான் இந்த வழி பிடிபட்டது. வீட்டில் பிள்ளைக்குச் சொல்லித்தருகிற யாரும் இதைச் செய்யலாம்.

ஒரு கைப்பிடி காராமணி, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, ஓர் எவர்சில்வர் டம்ளர், ஒரு சாக்பீஸ், சுவரில் தனிம வரிசை அட்டவணை. இவ்வளவு போதும்.

முதலில் அட்டவணையில் சோடியத்தைத் தேடச் சொல்லுங்கள். அணு எண் 11. பிள்ளையே 11 காராமணியை எண்ணித் தரையில் வைத்து, டம்ளரைக் கவிழ்த்து மூடட்டும். டம்ளர்தான் அணுக்கரு, காராமணி பிளஸ் சுமையுள்ள புரோட்டான், புளியங்கொட்டை மைனஸ் சுமையுள்ள எலக்ட்ரான். நியூட்ரானுக்கு மின்சுமை கிடையாது, அதனால் இந்தக் கணக்கில் அதற்கு வேலை இல்லை. இப்போது விதியைச் சொல்லுங்கள்: ஆட்டம் முடிகிற வரைக்கும் யாரும் டம்ளரைத் தூக்கக் கூடாது. வேதிவினை எதுவும் அணுக்கருவைத் தொடுவதில்லை. உள்ளே ஒரு காராமணி குறைந்தால் அது சோடியமே இல்லை, நியான்.

இந்த அணு எண்ணுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று கேட்டால் ஒரு கதை சொல்வேன். 1869ல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் தனிமங்களை அணு எடைப்படி அடுக்கினார். டெல்லூரியமும் அயோடினும் இடித்தன. டெல்லூரியம் எடை கூடுதல், ஆனால் குணத்தைப் பார்த்தால் அதுதான் முன்னால் வர வேண்டும். அவர் குணத்தை நம்பி முன்னால் வைத்தார். 1913ல் ஆங்கில இயற்பியலாளர் மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு சோதித்து, வரிசையைத் தீர்மானிப்பது கருவின் மின்சுமைதான் என்று காட்டினார். டெல்லூரியம் 52, அயோடின் 53. மெண்டலீவ் வைத்த இடம் சரி.

அடுத்து டம்ளரைச் சுற்றி வட்டங்கள். முதல் வட்டத்தில் 2 புளியங்கொட்டை, இரண்டாவதில் 8, மூன்றாவதில் மிச்சம் இருக்கிற 1. மூன்றாவது வட்டத்தில் 18 வரை இடம் உண்டுதான். ஆனாலும் பொட்டாசியத்துக்கும் கால்சியத்துக்கும் அங்கே 8 வைத்ததும் நான்காவது வட்டத்துக்குப் போய்விட வேண்டும். லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். வெளி வட்டத்தில் மூன்றுக்கும் ஒற்றைக் கொட்டை. வட்டங்களின் எண்ணிக்கைதான் தொடர் (அட்டவணையின் கிடை வரிசை), வெளி வட்டக் கொட்டைதான் தொகுதிக்கு (செங்குத்து வரிசைக்கு) துப்பு என்று பிள்ளையே சொல்லிவிடும். நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

இப்போது அந்த ஒற்றைக் கொட்டையை எடுங்கள். டம்ளருக்குள் 11, வெளியே 10. பதினொன்றில் பத்து போனால் +1. அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் இதுதான். பிளஸ் என்பது புதிதாக வந்து சேர்ந்தது இல்லை. உள்ளே ஏற்கெனவே இருந்த ஒரு காராமணிக்கு வெளியே ஜோடி இல்லாமல் போனது. குளோரினுக்கு உள்ளே 17, வெளியே 2, 8, 7. ஒரு கொட்டை சேர்த்தால் வெளியே 18, ஆகவே -1. கொடுத்தால் பிளஸ், வாங்கினால் மைனஸ் என்று மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பரீட்சைப் பதற்றத்தில் அது தலைகீழாகிவிடும். உள்ளே எண்ணு, வெளியே எண்ணு, கழி. மெக்னீசியம், அலுமினியம், ஆக்சிஜன், கந்தகம் நான்கும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பாடம் நடத்துகிறவர்கள் பலர் இந்த இடத்தில், சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்க ஆசைப்படுகிறது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. எந்த அணுவும் சும்மா கொடுக்காது. வாயு நிலையில் ஒரு மோல் (வேதியியலில் அணுக்களை எண்ணும் ஒரு பெரிய அளவு) சோடியம் அணுக்களிலிருந்து ஆளுக்கொரு எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகும். அதைக் குளோரின் வாங்கும்போது திரும்பக் கிடைப்பது 349தான். 147 நஷ்டம். நஷ்டத்தை ஈடுகட்டுவது அடுத்த கட்டம்: இரண்டு அயனிகளும் ஒன்றையொன்று இழுத்துப் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது 787 கிலோஜூல் வெளிவருகிறது.

அப்படியானால் இரண்டாவது எலக்ட்ரானையும் பிடுங்கினால் என்ன? வேலூர்க் கோட்டையை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். அகழிக்கு வெளியே ரோட்டில் நிற்கிறவரை அழைத்துப் போவது ஒரு வேலை, கருங்கல் மதிலுக்குள்ளே இருக்கிறவரை வெளியே கொண்டுவருவது வேறு வேலை. சோடியத்தின் இரண்டாவது எலக்ட்ரான் உள் வட்டத்தில் இருக்கிறது. விலை 4562 கிலோஜூல். படிகமாகும்போது கிடைப்பது அதற்குக் கட்டாது. அதனால்தான் சோடியம் +1ஓடு நிற்கிறது, வெளி வட்டத்தில் எட்டு இருக்க வேண்டும் என்ற பிரியத்தால் இல்லை.

அணுவும் அயனியும் ஒன்றில்லை என்பதற்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெளியே தேட வேண்டாம். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் மண்டிக்கு வரும். அந்த உப்பு ஊறல் தண்ணீரில் போய், பாலாற்றங்கரைக் கிணறுகள் எத்தனையோ கரித்துப்போயின. அந்தத் தண்ணீரில் இருப்பது சோடியம் அயனி. சோடியம் உலோகத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடித்து வெடிக்கும். தாத்தாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சோடியம் 138 என்று இருப்பதும் அயனிக் கணக்குதான். ஒரே ஒரு புளியங்கொட்டை வித்தியாசம்.

வெளி வட்டத்தில் எட்டு என்கிற இந்தக் கணக்கு அணு எண் 20 வரைக்கும்தான். அதற்குமேல் இடைநிலைத் தனிமங்கள். இரும்பு +2ஆகவும் வரும், +3ஆகவும் வரும். குரோமியத்தின் அமைப்பு 2, 8, 13, 1. மூன்று எலக்ட்ரான் போனால் 2, 8, 11. கடைசியில் எட்டு இல்லை, ஆனாலும் அதுதான் நிலையான அயனி. தோலின் புரத இழைகளைக் குறுக்கே பிணைத்து வெட் ப்ளூ (பதனிட்ட நீல நிற ஈரத் தோல்) ஆக்குவது இந்தக் குரோமியம் +3தான். அந்த நீலத்தை வருடக்கணக்கில் கையில் தொட்டவன் நான்.

ராணிப்பேட்டையில் குவிந்த குரோமியக் கழிவைப் பற்றிப் பிள்ளைகள் பேப்பரில் படித்திருப்பார்கள். அதில் +6 என்று வரும். உடனே ஆறு கொட்டையை எடுத்துவிட்டுக் காட்டுவார்கள். அங்கே அவசியம் நிறுத்துங்கள். தண்ணீரில் தனியாக மிதக்கிற குரோமியம் +6 அயனி கிடையாது. அந்த ஆறு, ஆக்சிஜனேற்ற எண்: பிணைப்பில் இருக்கிற எலக்ட்ரான்களை எல்லாம் ஆக்சிஜன் கணக்கில் எழுதினால் வருகிற கணக்கு எண். குரோமியம் நான்கு ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமேட் என்ற மஞ்சள் நிற எதிர்மின் அயனியாக இருக்கிறது. உருவத்தில் சல்பேட்டைப் போலவே இருப்பதால் சல்பேட் நுழைகிற வழியாகவே உடலின் செல்லுக்குள் போய்விடுகிறது. +3 அப்படி எளிதில் நுழையாது. ஒரே தனிமம் ஒரு இடத்தில் தோலைப் பதப்படுத்துகிறது, இன்னொரு இடத்தில் கிணற்றைக் கெடுக்கிறது என்றால் அந்த வித்தியாசம் பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

குரோமேட்டுக்கு ஐந்து டம்ளர் வேண்டும். அதை நான் பிள்ளைகளிடமே விட்டுவிடுவேன். ஒரு டம்ளருக்குள் 24 காராமணி, மற்ற நான்கிலும் எட்டெட்டு. ஆக உள்ளே 56. வெளியே எத்தனை கொட்டை வைப்பது என்று திண்ணையில் பெரிய விவாதமே நடக்கும். குரோமேட்டின் மின்சுமை -2 என்று மட்டும் சொல்வேன். 54 என்று ஒருவன் சொல்வான். கேள்வி கேட்ட அந்தப் பெண் அவன் கையிலிருந்த கொட்டைகளை வாங்கி, வட்டங்களைச் சுற்றி ஒவ்வொன்றாக 58 வரைக்கும் எண்ணி வைத்தாள்.