சூரிய மின்சாரக் குடிநீர்: பலகைக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

கிராமத்துக்குச் சூரிய மின்சாரக் குடிநீர்த் திட்டம் வரப்போகிறது என்றதும் எத்தனை கிலோவாட் என்ற பேச்சுதான் முதலில் எழுகிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்பதைப் பெரும்பாலும் சூரியப் பலகைகளைப் பொருத்திய பிறகே கேட்கிறார்கள். பிற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பலகை தரும் மின்சாரம் மோட்டாரை ஓட்டுமே தவிர, தண்ணீரைத் தூய்மையாக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் வரும் நோய்) பாதிப்புக் குறைப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. அத்தகைய நீருள்ள ஊரில் கைப்பம்புக்குப் பதிலாகச் சூரியசக்திப் பம்பை மாட்டினால், பல்லைக் கறையாக்கி எலும்பைக் கெடுக்கும் அதே தண்ணீர் இன்னும் வேகமாகக் குடத்தில் விழும், அவ்வளவுதான். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லையென்றால் 1.5 வரை அனுமதி உண்டு. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். புற ஊதா விளக்கு கிருமியை மட்டுமே அழிக்கும், அதுவும் தெளிந்த நீரில்தான். ஒளி ஊடுருவும் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் நீரை நிரப்பி ஆறு மணி நேரம் வெயிலில் வைக்கும் எளிய முறைக்கும் இதே வரம்புதான்; மேகமூட்டமான நாட்களில் அதற்கு இரண்டு நாள் தேவைப்படும்.

இராமநாதபுரம் கடலோரம் போல உவர்நீர் உள்ள இடங்களில், சவ்வு வழியாக நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. கருவி தேவைப்படலாம். ஆனால் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்து, வேறு இரசாயனக் குறையும் இல்லாத ஊரிலும் ஆர்.ஓ. வைப்பது வீண் செலவு. வெளியேறும் கழிவுநீரைக் கிணற்றடியிலேயே விட்டுவிடுவது அதைவிடப் பெரிய தவறு. பிரித்தெடுத்த உப்பு மண் வழியாகத் திரும்பக் கிணற்றுக்கே போய்ச் சேரும்.

அடுத்தது கணக்கு. 10,000 லிட்டரை 60 மீட்டர் உயரம் ஏற்ற ஏறத்தாழ 1.6 யூனிட் போதும் என்று ஏட்டில் வரும். மோட்டார், பம்பு இழப்புகளையும் சேர்த்தால் சுமார் 4 யூனிட் ஆகும். நல்ல வெயில் நாளில் ஒரு கிலோவாட் பலகைகள் தருவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனால் அந்த 60 மீட்டரை வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, பம்பு ஓடாத நேரத்தில் அளந்திருந்தால் மே மாதத்தில் தொட்டி நிரம்பாது. கோடையில், பம்பு ஓடும்போது இறங்கி நிற்கும் நீர்மட்டத்தை அளந்து, அதனுடன் தொட்டியின் உயரத்தையும் கூட்ட வேண்டும்.

இரவுத் தேவைக்கென்று பம்புக்கு பேட்டரி வாங்குவதும் பெரும்பாலும் தேவையற்றது. மின்சாரத்தைச் சேமிப்பதைவிடப் பகலில் ஏற்றிய நீரைப் பெரிய தொட்டியில் வைத்திருப்பது மலிவு. தேங்கிய நீருக்குக் குளோரின் வேண்டும். கடைசித் தெருக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். பம்பு தானாக ஓடுவதால் அங்கே தினமும் ஆள் போவதில்லை, குளோரினும் மறந்துபோகிறது.

பலகை வைத்தபோது இடுப்பளவு இருந்த வேம்பு சில ஆண்டுகளில் நிழல் விழுத்தும். ஒரு பலகையின் மூலையில் விழும் நிழல்கூட அதனோடு தொடராக இணைந்த பலகைகளின் உற்பத்தியையும் குறைத்துவிடும். தூசியைக் கழுவக் கிணற்று உப்புநீரையே ஊற்றினால் கண்ணாடியில் வெண்படலம் படிந்து, பிறகு தேய்த்தாலும் எளிதில் போகாது.

பலகை மின்சாரத்தைக் கொண்டு மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் பழுதானால் யாரை அழைப்பது, அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதை ஊராட்சி முடிவு செய்யும்வரை, நல்ல தண்ணீர் தரும் பழைய கைப்பம்பு எதையும் கழற்றிவிட வேண்டாம்.